வாசிகசாலைக்குக் கொண்டுபோன கதிரை

போன மாதம் ஒரு வானொலியிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கதைத்தாள். எழுத்தாளர்கள் எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளாம். இந்த ஆண்டு எத்தனை புத்தகம் வாசிப்பதாக இலக்கு வைத்திருக்கிறீர்கள், பிடித்த படம் எது, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள். நல்ல பிள்ளை, குரலிலும் ஒரு குறையில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இலக்காம்! என் சீவியத்தில் ஒரேயொரு தடவைதான் வாசிப்புக்கு இலக்கு வைத்தேன், அதற்காக ஊரோடு மல்லுக்கு நின்றேன். இரண்டு விளம்பரத்துக்கு நடுவில் அதை எப்படிச் சொல்வது? "பேந்து எடுங்கோ பிள்ளை" என்று வைத்துவிட்டேன். அவள் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம் சரவணை எங்கள் ஊர். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாசிகசாலை இருந்தது. ஓட்டுக்கூரை, நீள மேசை, கொஞ்சக் கதிரைகள், சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு கண்ணாடி அலுமாரி. அந்த அலுமாரிக்குள் ஊரின் புத்தகங்கள் அவ்வளவும் இருந்தன. பெண்கள் அங்கே போகக்கூடாது என்று ஒரு சட்டமும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தாலாவது கிழித்துப் போட்டிருக்கலாம். ஒருத்தியும் போனதில்லை, அவ்வளவுதான். தமையனோ புருசனோ எடுத்து வந்து தந்தால் வாசிக்கலாம்.

எனக்கு என் அண்ணன் எடுத்து வருவான். அவனுக்குப் புத்தகம் என்றால் சைக்கிள் ஓடும்போது சேட்டுக்குள் சொருகக்கூடிய சாமான். மெல்லிசாகப் பார்த்து எடுப்பான். வாசித்ததையே மறுபடி கொண்டு வருவான். கேட்டால், "வாசிச்சதெண்டால் நல்லதுதானே, கெதியிலை முடிச்சிடுவாய்" என்பான். அவனோடு சண்டை பிடித்துச் சண்டை பிடித்தே மேல்தட்டில் பாதி முடித்தேன். பிறகு அவன் ஜேர்மனிக்குப் போய்விட்டான். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே செத்துப்போனவர். வீட்டில் நானும் அம்மாவும் இரண்டு மாடுகளும்.

சோதனையில் புள்ளி காணாமல் படிப்பு நின்ற காலம் அது. விடிந்தால் தோட்டம், பிறகு குசினி, பிறகு மாடு. மத்தியானச் சட்டி கழுவியதற்கும் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதற்கும் நடுவில் இருந்ததுதான் என் ஓய்வு நேரம். அந்த நேரம் முழுவதையும் வாசிகசாலையில் செலவழிப்பது, அந்த அலுமாரியை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும் ஒன்று விடாமல் வாசித்து முடிப்பது. இதுதான் நான் வைத்த இலக்கு. இது கூட எனக்குக் கிடைக்காது என்றால் நான் ஏன் இருக்கிறேன் என்று உண்மையாகவே நினைத்தேன்.

ஒருநாள் பின்னேரம் முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு போய் உள்ளே ஒரு கதிரையில் இருந்தேன். பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். வாசிகசாலைத் தலைவர் அம்மாவின் ஒன்றுவிட்ட தமையன், எனக்கு மாமா முறை. தெற்கே ஒரு பட்டினத்தில் பெரிய கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்து, உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்தவர். வீட்டுக்கு வந்தால் 'நீ' என்று கூப்பிடுகிற மனிதர், அன்று 'நீர்' என்றார்.

"ஆரைத் தேடி வந்தனீர், பிள்ளை?"

"ஒருத்தரையும் இல்லை மாமா. வாசிக்க வந்தனான்."

"புத்தகம் வேணுமெண்டால் வீட்டிலை இருந்து ஒரு ஆம்பிளையை அனுப்பும்."

"அண்ணா ஜேர்மனியிலை எல்லோ?"

"அப்ப அவர் வரட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழும்பவில்லை. அலுமாரியைத் திறக்கச் சொன்னேன். திறப்பு துலைந்து போய்விட்டதாம். சொல்லும்போதே அவருடைய வேட்டி மடிப்புக்குள் அது கிலுங்கியது.

அடுத்த நாள் போனால் ஒரு கதிரையும் காலியில்லை. ஒன்றில் ஆள், ஒன்றில் கால், ஒன்றில் சால்வை, ஒன்றில் குடை. குடைக்கு இருக்கக் கதிரை இருக்கிறது, எனக்கு இல்லை! அதற்கடுத்த நாள் வீட்டுக் கதிரையைச் சைக்கிள் கரியரில் கயிறு போட்டுக் கட்டி உருட்டிக்கொண்டு போனேன். வேலிக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. "எங்கையடி, வீடு மாறுறியோ?" என்று ஒரு அக்கா கேட்டாள். வாசலுக்கு நேரே கதிரையைப் போட்டு இருந்தேன். போகும்போது மறுபடி கட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "எடி விசரி, ஊர் சிரிக்குதடி! கண்டறியாத வாசிப்பு! கதிரை காவித் திரியிறவளை ஆர் வந்து கட்டப் போறான்?"

"கதிரை இல்லாத வீட்டுக்காரன் கட்டுவான்" என்றேன். அன்று எனக்குச் சோறு போடவில்லை, நானே போட்டுத் தின்றேன்.

அலுமாரி பூட்டு. சரி, பத்திரிகையையாவது வாசிப்போம் என்றால், அதற்கும் வழி அடைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் பத்திரிகை வந்ததும் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வாசித்து மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம். நான் போகத் தொடங்கிய பிறகு, வாசித்து முடித்த தாளை மடித்து அதற்கு மேலேயே இருக்கப் பழகிக்கொண்டார்கள். நரைத்த மனிதர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள், அடைக்கோழி மாதிரிப் பத்திரிகைக்கு மேல் குந்தியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழக்கூடாது என்று அலுமாரிக் கண்ணாடிக்குள்ளால் தெரிந்த முன்வரிசையின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். பெயர்கள் மனப்பாடமாகிவிட்டன.

ஒருநாள் அவர்களில் ஒருவருக்கு வெற்றிலை துப்ப அவசரமாக வெளியே போகவேண்டி வந்தது. முன்பக்கத் தாள் கதிரையிலேயே கிடந்தது. பாய்ந்து எடுத்து, வேண்டுமென்றே சத்தம் போட்டு வாசித்தேன். தலைவர் முறைத்தார். மூலையில் இருந்த கண் தெரியாத கிழவர் ஒருவர், "கொஞ்சம் பிலத்து வாசி பிள்ளை, நெல்லு விலை என்னவாம்?" என்றார். நான் பிலத்து வாசித்தேன்.

இந்த நேரத்தில்தான் அண்ணன் அனுப்பிய டிவியும் வீடியோ டெக்கும் கொழும்பிலிருந்து லொறியில் வந்து சேர்ந்தன. எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் வரவில்லை. அம்மா டிவிக்குப் பூப்போட்ட துணி போர்த்தி, மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியும் வைத்து, தூசு தட்டிக்கொண்டிருந்தார். கிழமை ஒன்று போகவில்லை, தலைவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். வாசிகசாலைக் கூரை ஒழுகுகிறதாம், ஓடு மாற்றப் படம் போட்டுக் காசு சேர்க்கவேணுமாம், ஜெனறேற்றர் பிடித்தாயிற்றாம், டிவியும் டெக்கும்தான் குறையாம்.

நான் குசினிக்குள் நின்றேன். அம்மா கட்டாயம் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். தமையன் கேட்டு அம்மா மறுத்ததை நான் கண்டதில்லை.

"தாறன் அண்ணை, ஏன் தரமாட்டன்?" என்றார் அம்மா. "என்ரை பிள்ளை கதிரை காவிக்கொண்டு வரேக்கை நீங்களெல்லாரும் இருந்து சிரிச்சனீங்களாம். டிவி காவிக்கொண்டு வந்தால் சிரிக்கமாட்டியளோ?"

"அது சும்மா பகிடிக்கு, தங்கச்சி."

"ஓம், பகிடிதான். ஆனால் பாருங்கோ, டெக் வயர் எங்கையோ துலைஞ்சு போச்சு. உங்கடை அலுமாரித் திறப்பு ஆம்பிட்டால் எங்கடை வயரும் ஆம்பிடும்."

ஐயோ, என் அம்மா! குசினிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினேன். அவர் போன பிறகு அம்மா என்னைப் பார்த்து, "என்ன இளிப்பு? போய் மாட்டுக்குத் தண்ணி வை" என்றார்.

படம் முடிந்த கையோடு திறப்புத் தருவதாகத் தலைவர் சொல்லியனுப்பினார், வயரும் ஆம்பிட்டது. ஞாயிறு காலை, வாசிகசாலை யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கிப் படம் போட்டார்கள். வழக்கமாக இப்படிக் காட்சிகளில் ஆண்கள் முன்னுக்கும் பெண்கள் பின்னுக்கும். எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காகப் பாட்டையும் அழுகைக் காட்சியையும் வேகமாக ஓடவிடுவார்கள். பெண்கள் பார்க்க வருவதே அந்த இரண்டுக்கும்தான். அன்று டிவி எங்களுடையது, டெக்குக்குப் பக்கத்தில் என் கதிரை. முதற் பாட்டு வந்ததும் ஒருவர் எட்டிக் கையை நீட்டினார். "கை வைச்சுப் பாரும்!" என்று பின்னாலிருந்து பெண்கள் எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். நடுவில் ஆமியின் ஹெலி மேலே சுற்றும் சத்தம் கேட்டு ஜெனறேற்றரை நிறுத்தினோம். அது போன பிறகு, விட்ட இடத்திலிருந்து போட்டோம். படம் ஒன்றும் பெரிய படமில்லை, பெயரும் சொல்லமாட்டேன். தலைப்பிலிருந்து வணக்கம் வரைக்கும் ஒரு பாட்டையும் ஒரு அழுகையையும் தவறவிடாமல் நான் பார்த்த முதற் படம் அதுதான். எனக்குப் பிடித்த படமும் அதுதான்.

சாக்கைக் கழற்றியதும் அம்மா தலைவருக்கு முன்னால் போய் நின்றார். அவர் மடிப்பை அவிழ்த்துத் திறப்பை என் கையில் தந்தார். படம் பார்க்க வந்த பெண்கள் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. ஆமைப்பூட்டைத் திறந்தேன். வாசித்து விட்ட இடம் மேல்தட்டின் நடு. அங்கிருந்த புத்தகத்தை இழுத்தேன். மட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே தாள் இல்லை, மண் இருந்தது. அடுத்ததை இழுத்தேன், அதுவும் மண். கறையான் சுவரால் ஏறி, பின்பலகையைத் துளைத்து, பின்வரிசை முழுவதையும் முடித்துவிட்டு முன்வரிசைக்கு வந்திருந்தது. கண்ணாடிக்குள்ளால் நான் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவற்றில் பாதி வெறும் மட்டைகள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொம்பிளைகளை விடமாட்டேன் என்றீர்கள், கறையானை விட்டீர்கள், அதில் எத்தனை பொம்பிளைக் கறையானோ என்று கேட்க வாய் திறந்தேன். வாழ்க்கையில் அதைவிட நல்ல பேச்சு எனக்கு நாக்கில் வந்ததில்லை.

அவர் அலுமாரித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பூட்டித்தானே பிள்ளை வைச்சனான்" என்றார். பிறகு, யாருக்கும் இல்லாமல், "கடையையும் பூட்டிப்போட்டுத்தான் வந்தனான்" என்றார்.

நாக்கில் வந்ததை விழுங்கினேன்.

மிஞ்சிய புத்தகங்களைப் பெண்கள் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு போய் முற்றத்து வெயிலில் பரப்பினார்கள். பாதி தின்றது, ஓட்டை விழுந்தது, கடைசிப் பக்கம் இல்லாதது, எதையும் எறிய விடவில்லை நான். அவரும் குந்தியிருந்து எங்களோடு மண் தட்டினார். வெயில் சாய, காய்ந்தவற்றை எல்லாம் அடுக்கி அலுமாரியைச் சாத்தினேன். அவர் பழக்கத்தில் திறப்புக்குக் கையை நீட்டினார்.

"ஏலாது மாமா" என்றேன்.