மாமாவுக்கு ரெண்டு ஊசி

மூன்று தடவை ஊதுவார். காலையில் பல்கூட விளக்காமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து நின்று, மூச்சின் வேகத்தை அளக்கிற பிளாஸ்டிக் மீட்டரில் ‘ஃபூ’ என்று ஒரே ஊது. உள்ளே சிவப்பு முள் ஓடிப்போய் ஓர் எண்ணில் நிற்கும். மூன்றில் பெரியதைக் காலண்டரில் எழுதுவார். நானூறு வந்தால், “மச்சான், இன்னிக்கு நம்ம இஞ்சின் ஓகே” என்பார். முந்நூறு என்றால் நேரே பல் விளக்கப் போய்விடுவார்.

பெயர் கிருபாகரன். என் அக்கா ஸ்வாதியின் புருஷன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒரு டன் அட்டைப்பெட்டியை அலுங்காமல் மேல்தட்டில் ஏற்றி வைக்கிற மனிதர், பூனை முடியும் வீட்டுத் தூசியும் மூக்கில் போனால் மடங்கி உட்கார்ந்துவிடுவார். ஆஸ்துமா.

சேக்காட்டில் அவர் வீட்டில்தான் நானும் இருக்கிறேன். வயது பதினேழு. பதினொன்றாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைகழுவிக்கொண்டோம். என்னைப் பற்றிக் காலண்டரில் ஒரு வரி கிடையாது.

ஃபிரிட்ஜின் மேல்தட்டு மாமாவின் ஊசி மருந்துக்கு. என் மாம்பழ ஜூஸ் அங்கிருந்து காலி செய்யப்பட்டு, இப்போது கத்தரிக்காயோடு குடித்தனம் நடத்துகிறது. மாமாவின் தலையணைக்கு ஜிப் வைத்த உறை. மாமாவின் பெட்ஷீட்டுக்கு வாராவாரம் கொதிக்கிற வெந்நீர்க் குளியல். எனக்கு ஐப்பசி மழையிலும் பச்சைத்தண்ணிதான். அவர் தூங்கும்போது அக்கா குனிந்து மூச்சைக் கேட்பாள். எனக்கு ஜுரம் வந்தபோது ஒரு மாத்திரையைத் தூக்கிப் போட்டு, “மூடிகினு படு” என்றாள்.

ஒருநாள் வயிற்றெரிச்சல் தாங்காமல், நானும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ‘கீங் கீங்’ என்று இழுத்துக் காட்டினேன். அக்கா தோசையைத் திருப்பிப் போட்டபடி சிரித்தாள். மாமா குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்து, தன் இன்ஹேலரை என் வாயில் வைத்து அழுத்தினார். நடிப்பு என்று தெரிந்த பிறகு, “இத்த வெச்சு மட்டும் வெளாடாத நைனா” என்றார். ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஊசி ஒன்று என்றால் பொறுத்துக்கொள்வேன். அவருக்கு இரண்டு. ஒன்று மாதத்துக்கு ஒருமுறை; அது பெருசு. இன்னொன்று சனிக்கிழமைதோறும், அது சிறுசு. முதலில் சிறுசைப் போடவே டாக்டர் ஒப்பவில்லை. ஆஸ்துமா அடங்காதவர்களுக்கு அதைப் போட்டால் ஆபத்து என்றார். நாலு மாதம் பெருசைப் போட்டு, இழுப்பு அடங்கிய பிறகுதான் சிறுசைத் தொடங்கினார்கள். மாமா இதை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் விளக்குவார்.

“பெருசு பவுன்சர் மாதிரி. வாசல்ல நின்னுகினு சண்டைய அடக்கும். சிறுசு டியூசன் வாத்தியார். பூனைன்னா இன்னா, தூசின்னா இன்னான்னு ஒடம்புக்குக் கொஞ்சங்கொஞ்சமா சொல்லிக் குடுக்கும். பவுன்சர் இல்லாம வாத்தியார் உள்ள வந்தா, கிளாஸ்ல அடிதடி ஆயிடும்.”

ஆறாம் வகுப்போடு நின்றவர் பேசுகிற பேச்சு. கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய உவமை.

இந்த டியூசனில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. என் பூனை சோடா. மாமாவுக்கு ஆகாது என்று அக்கா அதை மண்ணூர்பேட்டைக்கு, என் சிநேகிதன் ஜாகிர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். சிறுசு ஒழுங்காக ஏறி முழு டோசை எட்டினால், சோடாவை வீட்டுக்குள் விடுவதைப் பற்றிப் பொங்கல் வாக்கில் யோசிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமாவின் கையில் ஏறுகிற ஒவ்வொரு ஊசிக்கும் சோடா ஒரு படி வீட்டை நோக்கி வருகிறது என்பது என் கணக்கு.

போன மாதம் மழையில் குடோன் பெட்டிகள் பூஞ்சை பிடித்துவிட்டன. ஆஸ்பத்திரியில் ஊசிக்கு முன்னால் மீட்டரில் ஊதிக் காட்ட வேண்டும். முந்நூற்று நாற்பதைத் தாண்டாவிட்டால் அன்று சிறுசு கிடையாது. இரண்டு சனிக்கிழமை தாண்டவில்லை. மூன்றாவதும் தவறினால் டோசைக் குறைத்து, மறுபடி கீழிருந்து ஏற வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் மாமா என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

“மச்சான், அன்னிக்கு இந்த மீட்டர்ல நீ அறுநூறு ஊதின இல்ல? எப்டி?”

“அது ஊதல் இல்ல மாமா. பப்பாளித் தண்டுல வேப்பங்கொட்டை வெச்சு வாட்ச்மேன் தொப்பிய அடிப்பேனே, அந்த டெக்னிக். நாக்கால ஓட்டைய அடச்சி, கன்னத்த உப்பிகினு, ‘த்தூ’ன்னு துப்பணும்.”

“எனக்குச் சொல்லிக் குடு.”

சொல்லிக்கொடுத்தேன். வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே பாடம். மாணவர் இரண்டு தடவை எச்சிலைச் சட்டையில் விட்டுக்கொண்டார். மூன்றாவதில் நானூற்று முப்பது. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்தது. நான் சோடாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை. ஊசி அறையில் ஜெபா சிஸ்டர் மீட்டரை நீட்டினார். மாமா கன்னத்தை உப்பி, ‘த்தூ’. நானூற்று முப்பது.

“இன்னா அண்ணே, ஒரே வாரத்துல சிங்கமாயிட்டீங்க!”

மாமா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சிஸ்டர் மருந்தை உறிஞ்சி எடுத்தார். அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் மாமாவின் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. ‘கீங்’. நான் நடித்துக் காட்டிய அதே சத்தம், நடிப்பில்லாமல்.

“சிஸ்டர், போடாதீங்க. அது ஊதல் இல்ல, துப்பல்.”

“இன்னாடா ஒளர்ற?”

“நான்தான் சொல்லிக் குடுத்தேன். கன்னத்தப் புடிச்சிகினு ஊதச் சொல்லுங்க.”

ஜெபா சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். இரண்டு விரலால் மாமாவின் கன்னங்களைக் குழந்தைக்குப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, “ஊதுங்க” என்றார். இருநூற்று எண்பது.

அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து விழுந்தது. “நெஞ்சு இறுகிகினு கீறப்ப இத்தப் போட்டா இன்னா ஆவும் தெரியுமா? தொண்டையே அடச்சிக்கும். பெருசு ஏத்திக்கிறோம், ஒண்ணும் ஆவாதுன்னு தைரியமா? அறிவு வேணாம் ரெண்டு பேருக்கும்?”

மூச்சிழுக்க மருந்துப் புகை வருகிற முகமூடியை மாட்டிக்கொண்டு மாமா கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. டோசைக் குறைத்து எழுதினார்கள். பொங்கல் போய்விட்டது. சித்திரைக்காவது சோடா வருமா என்று விரல் விட்டுப் பார்த்தேன். எந்த நேரத்தில் என் வாய் திறந்தது என்று என் மேலேயே எரிச்சலாக இருந்தது. அவர் மேல் அதைவிட.

மாமா ஓட்டிய பைக் சேக்காட்டுப் பக்கம் திரும்பவில்லை. மண்ணூர்பேட்டையில், ஜாகிர் தெரு முனைக்கு முன்னாலேயே நின்றது. தெருக்கோடியில் காம்பவுண்டு சுவர்மேல் சோடா படுத்திருந்தது.

“போ. பாத்துட்டு வா” என்றார். ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு பேசிய முதல் பேச்சு.

“சட்டையெல்லாம் முடி ஒட்டிக்கும் மாமா. பின்னாடி ஒக்காந்து வந்தா ஒனக்கு இழுக்கும்.”

மாமா முகத்தில் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு சீட்டைத் தூக்கினார். அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் காணாமல்போனதாக நான் தேடிக்கொண்டிருந்த என் பழைய டீ-சர்ட், இஸ்திரி போட்டு மடித்து இருந்தது. பை ஓரமெல்லாம் கிரீஸ். பல நாளாக அங்கேயே இருந்திருக்கிறது.

சோடாவின் முதுகைத் தடவிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தெருமுனையில் மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அன்று ஊசி ஏறாமல் போன கையை என் பக்கமாக எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டி, டீ-சர்ட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.