ஏழாம் லெவலுக்கு மேல் ஏறாத தண்ணீர்

தங்கவயலின் கோரமண்டல் பக்கத்தில் பெருமாள் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. தொட்டிக்காரர் என்று கேட்க வேண்டும். பதினொரு வருடம் சுரங்கத்துக்குள் பம்ப் பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு இருபது வருடத்துக்கு மேல் விடியற்காலை ரயிலைப் பிடித்துப்போய், பெங்களூரில் யார் யார் வீட்டு வாசலிலோ காவல் நின்றவர். அதெல்லாம் ஊருக்கு மறந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் எட்டு மீட்டர் உயரத் தொட்டி ஒன்று அவர் கைக்கு வந்தது. அது மட்டும்தான் ஊருக்குத் தெரியும்.

சுரங்கத்தின் பழைய ஸ்டோர் ஷெட் ஒன்றைப் பெண்கள் சங்கம் ஒன்று வாடகைக்கு எடுத்துச் சலவைக் கூடமாக்கியிருந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றின் படுக்கை விரிப்புகள் சாயங்காலம் வேனில் வந்து இறங்கும். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மெஷின்கள் ஓடத் தொடங்கினால், பத்து மணிக்குள் வெள்ளை வெளேரென்று மடிப்போடு திரும்ப ஏறும். இருபத்தெட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். பெருமாளின் தங்கை சம்பங்கி இஸ்திரி மேசையில் இருந்தாள்.

வெயில் இல்லாத நேரத்தில் அவ்வளவு வெந்நீருக்கு எங்கே போவது? அதற்குத்தான் தொட்டி. கூரை முழுக்கப் பரப்பிய சோலார் தகடுகள் பகலெல்லாம் தண்ணீரைக் காய்ச்சித் தொட்டியின் மேல்பக்கம் கொண்டுவந்து விடும். சூடான தண்ணீர் லேசு, அது மேலே நிற்கும். பச்சைத்தண்ணீர் கனம், அது அடியில் கிடக்கும். யாரும் கலக்காத வரை இரண்டும் ஒன்றோடொன்று சேராது. மேலே கை வைத்தால் வெந்துபோகும், அடியில் கை வைத்தால் சிலிர்க்கும், இடையில் ஒரு சாண் அளவுக்குத்தான் மாறுகிற இடம். அந்த இடத்துக்குக் கோடு என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் மேலிருந்து வெந்நீர் போகப் போக, அதே அளவு பச்சைத்தண்ணீர் அடியில் ஓசையில்லாமல் நுழையும். கோடு மெல்ல மேலே ஏறும். மணி என்ன என்று கேட்பதைப் போலப் பெண்கள் அவரிடம் கோடு எங்கே என்று கேட்பார்கள்.

தொட்டியின் பக்கவாட்டில் ஏணியை ஒட்டிப் பத்து இடங்களில் வெப்பமானியும் சிறு குழாயும் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த வாரமே பெருமாள் வெள்ளைப் பெயின்ட் வாங்கிவந்து ஒவ்வொன்றுக்கும் எண் எழுதினார். உச்சியில் ஒன்று, அடியில் பத்து. யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. எழுதியதும் தவறாகத் தெரியவில்லை. தங்கவயலில் ஆழம் என்றால் சுரங்கத்தின் வாயிலிருந்துதான் எண்ணுவார்கள். முதல் லெவல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும், நூறாவது லெவல் எங்கோ பூமிக்குள் கிடக்கும்.

முதல் இரண்டு வாரம் தொட்டி வைத்த கம்பெனியின் ஆள் கூடவே இருந்தான். அவன் போன பிறகு, தனியாக உட்கார்ந்த முதல் காலையிலேயே அது ஆரம்பித்தது. கோடு பத்தைக் கடந்தது, ஒன்பதைக் கடந்தது. எட்டை நெருங்கியபோது அவர் காது அடைத்தது. சுரங்கத்துக்குள் ஆளிறக்கும் கேஜில் வேகமாக இறங்கும்போது அடைக்குமே, அதே அடைப்பு. சுரங்கத்தில் முட்டுக் கொடுத்திருக்கும் ஈர மரக்கட்டையின் வாசனை வந்தது. அந்த ஷெட்டில் சோப்பு வாசனையைத் தவிர வேறு எதுவும் வர வழியில்லை. குழாய்க்குள் டக் டக்கென்று ஏதோ தட்டியது. இரும்பு விரிகிற சத்தம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் எத்தனை முறை தட்டுகிறது என்று எண்ணினார்.

அடியிலிருந்து ஏறுகிற தண்ணீரை அவர் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தார்.

சம்பங்கியின் புருஷன் விநாயக் எழுபத்தேழாம் லெவலில் வேலை செய்தவன். சுரங்கம் மூடுவதற்கு முந்தின வருடம் அங்கே பாறை வெடித்துச் சரிந்தது. கூட இருந்தவர்களை எடுத்துவிட்டார்கள். விநாயக் இருந்த பக்கம் நெருங்கவே முடியவில்லை. நாற்பது நாள் தோண்டிப் பார்த்துவிட்டு, இன்னும் தோண்டினால் தோண்டுகிறவனும் போய்விடுவான் என்று நிறுத்திவிட்டார்கள். இருபத்தேழு வயதில் சம்பங்கி ஒரு போட்டோவை வைத்துக் காரியம் செய்தாள்.

அடுத்த வருடம் சுரங்கத்தை மூட உத்தரவு வந்தது. மூடுவது என்றால் பம்புகளை நிறுத்துவது. இரவும் பகலும் ஊறிக்கொண்டே இருக்கும் தண்ணீரை இறைப்பதை நிறுத்திவிட்டால் மற்றதைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். அந்த ஷிப்டில் அடியாழத்துப் பம்ப் ஹவுஸில் இருந்தவர் பெருமாள். ஃபோர்மேன் சொன்னார், இவர் சுவிட்சை இறக்கினார். பம்பின் சத்தம் நின்ற பிறகு வந்த அமைதியில் சுவரெல்லாம் ஒழுகுவது கேட்டது. மேலே வரும்போது கேஜ் எழுபத்தேழைத் தாண்டி வந்தது. வாய் திறந்தாற்போல ஓர் இருட்டு, ஒரு நொடி. கேஜ் நிற்கவில்லை. இவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அதன் பிறகு சுரங்க ஆபீஸில் வேலை செய்த ஒருவர் அவ்வப்போது கயிறு விட்டு அளந்து தண்ணீர் எந்த லெவலுக்கு வந்திருக்கிறது என்று சொல்வார். நூற்றுப் பத்து. நூற்று நான்கு. தொண்ணூற்றைந்து. எழுபத்தேழு என்று சொன்ன நாளில் பெருமாள் ஜெயநகரில் ஓர் அடுக்குமாடியின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. சுவிட்சை இறக்கியது தான்தான் என்று தங்கையிடம் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொரு காலையும் அவர் கண்ணெதிரே, அவர் கையால் எழுதிய எண்களின் மேலேயே தண்ணீர் ஏறியது. தனியாக இருந்த மூன்றாம் நாள், கோடு ஏழைத் தொடப் போகும்போது அவர் எழுந்துபோய் சோலார் பம்பைப் போட்டுவிட்டார். அப்போது மணி ஏழுகூட ஆகவில்லை. தகடுகளில் பனி ஈரம் காயவில்லை. வெயில் வருமுன் அந்தப் பம்பைப் போட்டால் என்ன ஆகும் என்று கம்பெனி ஆள் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தான். அடியிலிருக்கும் பச்சைத்தண்ணீரை உறிஞ்சி, குளிர்ந்த தகடுகளின் வழியாக ஓட்டி, அப்படியே உச்சியில் வெந்நீரின் தலைமேல் கொட்டும். ஐந்து நிமிடத்தில் கோடு கலைந்துவிடும். தொட்டி முழுக்க வெதுவெதுப்பாக ஒரே தண்ணீராகும். ஏறுவதற்கு எதுவும் இருக்காது.

காது அடைப்பு விட்டது. அன்றிலிருந்து தினமும் அப்படியே செய்தார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஆஸ்பத்திரித் துணி சுத்தமாகாது. எழுபது டிகிரிக்குக் குறையாமல் வேக வேண்டும் என்பது கணக்கு. இரண்டு வேன் துணி திரும்பி வந்தது. அப்புறம் ஒரு கடிதமும் வந்தது: இந்த மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். சம்பங்கிக்கு இது போனால் மறுபடி பெங்களூர் ரயில்தான், யார் வீட்டுப் பாத்திரமோதான். முட்டி தேய்ந்த கால்களை வைத்துக்கொண்டு அந்த ரயிலில் இனி அவளால் ஏற முடியாது என்பது பெருமாளுக்குத் தெரியும். இன்றைக்கு ஒருநாள், நாளைக்கு விட்டுவிடலாம் என்று தினமும் நினைத்தார். கோடு எட்டைத் தாண்டியதும் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது.

கம்பெனியிலிருந்து ஸ்வப்னா என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். பெருமாளின் ரிஜிஸ்டரைப் பார்த்தாள். கோடு கடைசியாக எட்டிய எண்ணை மட்டும் அவர் எழுதியிருந்தார்: தினமும் ஏழு, அதற்கு மேல் பதிவு இல்லை. அவள் கையிலிருந்த வரைபடத்தில் எண்கள் அடியிலிருந்து தொடங்கின. ஆகவே பத்தில் ஏழு பங்கு வெந்நீர் ஒழுங்காகச் செலவாகிவிடுகிறது, மிச்சமுள்ள மூன்று பங்கில்தான், அதாவது உச்சியில்தான் கோளாறு என்று முடிவு செய்தாள். மேல்குழாயை மாற்றினாள். அடுத்த வாரம் வந்து மேல்மூடியின் உறையை மாற்றினாள். அவள் எந்த இடத்தில் ஏமாறுகிறாள் என்பது இரண்டாம் முறை அவள் பக்கத்திலிருந்த வெள்ளை எண்களைக் கவனிக்காமலே ஏணியில் உச்சிவரை ஏறியபோது பெருமாளுக்குப் புரிந்துவிட்டது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் முறை அவள் வரைபடத்தை இஸ்திரி மேசையின் மேல் விரித்து, தொட்டியையே காலி செய்து திறக்க வேண்டியிருக்கும், பதினைந்து நாள் ஆகும் என்றாள். மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. பக்கத்தில் நின்று விரிப்பை மடித்துக்கொண்டிருந்த சம்பங்கி அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, ஒன்ன கீழ போட்டுக்கீறீங்க? எங்கண்ணன் மேலேர்ந்து எழுதிக்கீறாரு. எங்க ஊர்ல அப்டிதாம்மா எண்ணுவோம்."

ஸ்வப்னா காகிதத்தையும் ரிஜிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தபோது முதலில் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. மேலிருந்து ஏழு என்றால் மூன்று பங்குகூடச் செலவாகவில்லை, தொட்டி நிறைய வெந்நீர் இருக்கும்போதே கோடு காணாமல் போகிறது, தினமும் ஒரே இடத்தில். குழாய்க்கும் மூடிக்கும் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. யாரோ கையால் பம்பைப் போடுகிறார்கள் என்று அவள் சம்பங்கியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். ரிப்போர்ட்டை நாளைக்குத்தான் எழுதப்போகிறாள். நாளை காலை கோடு ஒழுங்காக ஏறினால் எழுத ஒன்றுமிருக்காது. ஏறாவிட்டால் பெயரோடு எழுத வேண்டும்.

மறுநாள் சம்பங்கி இஸ்திரி மேசைக்குப் போகவில்லை. ஒரு ஸ்டீல் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து தொட்டிக்கு எதிரே, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நகர்ந்து இடம் விட்டார். பத்து போனது. ஒன்பது போனது. வெளியே சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் பக்கமிருந்து வெள்ளைத் தூசி கிளம்பிக் கதவிடுக்கில் வந்து படிந்தது. எட்டுக்குக் கோடு வந்ததும் அவர் சுவிட்சைப் பார்த்தார். முட்டியில் கை ஊன்றி எழப் பார்த்தார்.

"எதுக்குண்ணா ஏழு?" என்று அவள் கேட்டாள்.

அவர் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுபத்தேழும்மா" என்றார். பிறகு, "பம்ப நிறுத்தனது நான்தான். என் ஷிப்டுதான் அது. அவன் மேல தண்ணிய ஏத்துனது நான்தாம்மா" என்றார்.

அவள் அழுவாள், அல்லது எழுந்து போய்விடுவாள் என்று அவர் நினைத்தார். இருபத்து நான்கு வருடமாக அந்த இரண்டில் ஒன்றைத்தான் எதிர்பார்த்திருந்தார். சம்பங்கி டம்ளரை மடியில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு ஷிப்ட் முடிஞ்சி வந்தார்னா சட்டைய நான்தான் பிழிவேன். கல்லு கொதிக்குதுடீன்னுவாரு. பனியனக்கூட மேல வெக்க வுடமாட்டாரு. அந்தக் கொதியிலயே வுட்டுட்டு வந்துட்டாங்க இல்ல? ஒரு வருசம் நான் சில்லுன்னு பானைத் தண்ணி குடிக்கலண்ணா. தொண்டைல எறங்கல. கீழ தண்ணி ஏறுதுன்னு சொல்லிக்கினாங்களே, எந்த லெவல், எந்த லெவல்னு நானும்தான் கேட்டுக்கினு இருந்தேன். எழுபத்தேழு வந்துச்சின்னு சொன்ன வாரம் மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தனேன். ஆடி மாசம்கூட இல்ல, எதுக்கு இப்போன்னு நீதான் கேட்ட. அவரு குளுந்துட்டாருன்னுதாண்ணா ஊத்தனேன்."

பெருமாள் வாயைத் திறந்தார். பதினொரு வருடம் பம்ப் பார்த்தவருக்கு அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியும். அந்த ஆழத்தில் சுவரிலிருந்து ஊறி வருகிற தண்ணீரில் அவர் கை வைத்திருக்கிறார். உடனே இழுத்தும் இருக்கிறார். அங்கே சூடு மேலே நிற்பதில்லை. அடியிலிருந்து பாறையே தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கும். வெயில் தேவையில்லை, பகல் தேவையில்லை. எத்தனை வருடமானாலும் எழுபத்தேழில் நிற்கிற தண்ணீர் ஆறப்போவதில்லை. விநாயக் அதில்தான் கிடக்கிறான்.

திறந்த வாயை மூடிக்கொண்டார்.

சம்பங்கி எழுந்துபோய் ஏழாம் எண்ணுக்குப் பக்கத்துக் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்தாள். ஆவி பறந்தது, விரல் பொறுக்காமல் முந்தானையால் பிடித்துக்கொண்டாள். கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். இன்னும் ஆவி. பெருமாள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். காது இரண்டும் அடைத்துவிட்டன, அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. நாலாவது டம்ளரில் ஆவி குறைந்தது. ஆறாவதில் இல்லை. அவள் முந்தானையை விட்டுவிட்டு வெறுங்கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

அருகே வந்து அவர் காதோரம் குனிந்து சொன்னாள்: "சில்லுன்னு ஆயிடுச்சிண்ணா. தொட்டுப் பாரு. அங்கயும் இப்டிதான கீது இப்போ?"

அவர் விரலை விட்டார். தொட்டிக்கு வரும் பேத்தமங்களா ஏரியின் தண்ணீர், காலை நேரத்துக் குளிர்ச்சியோடு இருந்தது.

"இப்டிதாம்மா" என்றார்.

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு இஸ்திரி மேசைக்குப் போனாள். உள்ளே யாரோ அவளைக் கேலி செய்தார்கள், மகாராணிக்கு இன்றைக்கு லேட் ஷிப்டா என்று. அவள் ஏதோ திருப்பிச் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். மெஷின்களிலிருந்து நல்ல ஆவி கிளம்பிக் கூரையில் முட்டியது. பத்து மணி ரயிலில் ஸ்வப்னா வந்தபோது கோடு இரண்டைத் தாண்டியிருந்தது. வேன் நிறைந்திருந்தது. அவள் ரிஜிஸ்டரைப் பார்த்தாள், பெருமாளைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள்.

வெயில் தகடுகளில் நன்றாக விழுந்திருந்தது. இப்போது பம்பைப் போட வேண்டும், போடலாம், போடுவதுதான் வேலை. பெருமாள் சுவிட்சில் கை வைத்தார். அடியில் கிடந்த பச்சைத்தண்ணீர் கூரைக்கு ஏறிச் சூடேறத் தொடங்கியது. சத்தம் வெளியே கேட்கும் என்று, கேட்க யாருமில்லாத போதும், விநாயக்கின் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லி மன்னிப்புக் கேட்டார். அன்று சுவிட்சை இறக்கியதற்காக அல்ல, தங்கையிடம் "இப்டிதாம்மா" என்றதற்காக.