காதுக்காரர் பென்சில் பிடித்த கதை

பாஸ்போர்ட் அலுவலகத்தில் புகைப்படம் சரிபார்க்கும் கவுன்டரில் இருந்தவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். "ரெண்டு காதும் தெரியல. வேற போட்டோ எடுத்துட்டு வாங்க. அடுத்து!" வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை பொதுமக்களோடு அவர் பேசிய பேச்சு அநேகமாக இவ்வளவுதான். எந்தக் கொம்பனாக இருந்தாலும் காது தெரியவில்லையென்றால் வெளிநாடு கிடையாது. ஒருமுறை சொந்த மகளின் படத்தையே திருப்பியடித்தார். "ஏன்ப்பா, என்னைத் தெரியலையா?" என்று அவள் வீட்டில் வந்து குதித்தாள். "கவுன்டர்ல உக்காந்தா எனக்கு யாரையும் தெரியாது" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நேர்மை என்று அக்கம்பக்கத்தில் பெயர் கிடைத்தது. நிஜம் என்னவென்றால், அவர் தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு கவுன்டர் சமையலறைக்கு இடம் மாறியது. வாங்கி வந்த கத்தரிக்காயில் பாதியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார். அவர் மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே வலிக்காமல் இணைப்பைத் துண்டிக்கும் கலை அவருக்குக் கைவந்தது. அதனால் குடும்பம் ஓடியது.

ஒரு நாள் காதுக்காரர் லிஃப்டில் ஒரு மாடி முன்னாலேயே இறங்கிவிட்டார். கதவு திறந்திருந்தது. உள்ளே போனார், சோபாவில் சாய்ந்தார், காலை நீட்டிப் பேப்பரை விரித்து, "காபி" என்றார். அந்த வீட்டு அம்மாள், கணவரின் மேலதிகாரி யாரோ என்று பயந்து காபி போட்டுக் கொண்டுவந்தார். காதுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரையைக் கொட்டிட்டியா என்ன?" என்று நிமிர்ந்தார். சுவரில் யாரோ ஒருவரின் கல்யாணப் படம். சத்தம் போடாமல் மிச்சக் காபியையும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். விஷயம் அவருக்கு முன்னால் மாடியேறியிருந்தது.

மகள் அழுதாள். மாப்பிள்ளை அழவில்லை, அவருக்கு உற்சாகம் பொங்கியது. ஒரு கம்பெனியில் ஊழியர் நலப் பிரிவில் இருக்கும் அவர், காலையில் பல் தேய்க்கும்போதே ஆரோக்கியக் கட்டுரை படிப்பவர். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "வயசுக்கேத்த மறதிதான், பயப்பட ஒண்ணுமில்ல. நல்லா நடங்க, நாலு பேரோட பழகுங்க. புதுசா ஏதாவது கத்துக்கங்க. பாட்டு, படம், எது பிடிக்குதோ அது" என்றார். இதில் மாப்பிள்ளையின் காதில் விழுந்தது ஒரே சொல்தான்.

"படம் வரையறது, மாமா! இன்னைக்குத்தான் படிச்சேன். நியூரான் எல்லாம் புதுசு புதுசா கனெக்ட் ஆகுமாம்."

"எனக்குக் கையெழுத்தே கோழி கிளறின மாதிரி இருக்கும், மாப்பிள்ளை."

"கோழி பரவாயில்ல மாமா. மூளைதான் முக்கியம்."

வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. ரப்பர் வாசனையில் வெள்ளைத் தலைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லோரும் யாராலோ அனுப்பப்பட்டவர்கள். வரைவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. யாருக்கு எந்த மாத்திரை, யார் மூளை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதுதான் பேச்சு. பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவர் ஆப்பிள் வரைந்தால்கூட அடியில் இரண்டு வேர் இருக்கும்.

சொல்லிக்கொடுத்த டீச்சர் முன்பு சோப்பு உறைகளுக்குப் படம் போட்டவர். "மூளையை வீட்லயே வச்சிட்டு வாங்க. கண்ணும் கையும் வந்தா போதும்" என்று சொல்லி, மேசைமேல் ஒரு கெட்டிலை வைத்தார். காதுக்காரர் அதை ஒரு பார்வை பார்த்தார், விறுவிறுவென்று வரைந்தார், முதலில் முடித்துவிட்ட பெருமையோடு கையைக் கட்டிக்கொண்டார். கெட்டிலின் மூக்கு இடப்பக்கம் இருந்தது. அவர் வலப்பக்கம் போட்டிருந்தார்.

"சார், நீங்க கெட்டிலைப் பாக்கவே இல்ல."

"பாத்தேனே மேடம். கெட்டில் எப்படி இருக்கும்னு தெரியாதா எனக்கு?"

"அதான் தப்பு. தெரிஞ்சதை வரையாதீங்க. தெரியறதை வரைங்க."

தன் படத்தை ஒருவர் திருப்பியடிப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. காரமாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கெட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டு மூக்கை அழிக்கத் தொடங்கினார்.

சில வாரங்களில் முகத்துக்கு வந்தார்கள். காதுக்காரரும் பல் டாக்டரும் எதிரெதிரே. டாக்டர் வரைந்த படத்தில் காதுக்காரருக்கு எல்லாப் பல்லும் இருந்தது. காதுக்காரர் வரைந்ததைப் பார்த்து வகுப்பே சிரித்தது. "என்னய்யா இது, நான் என்ன காபிக் கோப்பையா?" என்றார் டாக்டர். காது இருக்க வேண்டிய இடத்தில் இருபுறமும் ஒரு கைப்பிடி தொங்கியது.

ஆயுசு முழுக்கக் காதைக் காட்டச் சொன்னவருக்குக் காது எப்படியிருக்கும் என்று தெரியவில்லை! அந்த அவமானம் அவரைப் பிடித்து ஆட்டியது. கண்ணாடி முன்னால் கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றார். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்களின் காதுகளையே முறைத்தார். ஒரு போலீஸ்காரர் திரும்பி, "என்ன பாக்கறே?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. அந்த உள்மடிப்பு சுத்தி வந்து எங்க முடியுதுன்னு பாக்கறேன்."

போலீஸ்காரர் காதைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப்போனார்.

இதற்கிடையே மாப்பிள்ளை ஞாயிறுதோறும் ஒரு பரீட்சை வைத்தார். கதவு, ஆரஞ்சு, யானை, சாவி, மேகம். சொல்லிவிட்டு, ஊர்க்கதை கொஞ்சம் பேசி, திருப்பிக் கேட்பார். முதலில் மூன்று வந்தது. பிறகு நான்கு. கடைசியில் ஐந்தும் மடமடவென்று கொட்டியது. அவர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய மதிப்பெண் வரைபடத்தில் கோடு கூரையைப் பார்த்து ஏறியது.

"வாராவாரம் அதே வார்த்தைதானே கேக்கறாரு? எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றார் மனைவி.

"சொல்லிடாதே. பாவம், சந்தோஷமா இருக்காரு" என்றார் காதுக்காரர்.

சந்தோஷம் எல்லை தாண்டியது. குடியிருப்போர் கூட்டத்தில் மாப்பிள்ளை மூளைப் படத்தைத் திரையில் போட்டு, சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டி, இனி இந்தக் கட்டடத்துப் பெரியவர்கள் எல்லோரும் பென்சில் பிடிக்க வேண்டும் என்று முழங்கினார். சாட்சியாக மாமனாரை மேடையேற்றினார். ஐந்து சொற்களும் பிசகாமல் வந்தன. கைதட்டல். அப்போது கீழ்மாடி அம்மாள், அன்று காபி கொடுத்தவர், எழுந்தார்.

"வேற வார்த்தை கேட்டுப் பாருங்களேன். செருப்பு, பாலம், ஊசி, வெங்காயம், நிலா."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது காதுக்காரர், "செருப்பு" என்றார். யோசித்தார். "யானை" என்றார். கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப வரையறதுல பிரயோஜனமே இல்லையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நியூரான் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா இப்ப உங்களையெல்லாம் எனக்குத் தெரியுது" என்றார் அவர். "அந்த ஓரத்துல இருக்கீங்களே, உங்க வலது காது கொஞ்சம் ஏத்தம். அதான் கண்ணாடி எப்பவும் சாஞ்சே நிக்குது." அந்த மனிதர் அவசரமாகக் கண்ணாடியை நிமிர்த்தினார். "நீங்க தரைத்தளம். உங்க காது மடல் தொங்காது, கன்னத்தோட ஒட்டியிருக்கும்." ஆளாளுக்குக் காதைத் தொட்டுப் பார்க்க, அவருக்குச் சுருதி ஏறியது. "நம்ம சங்கச் செயலாளருக்கும் அவர் சின்னப் பையனுக்கும் அச்சா ஒரே காது. ஆனா பெரிய பையனுக்குப் பாத்தீங்கன்னா..."

"என்னங்க, அடுப்புல பால் வச்சுட்டு வந்தேன்" என்று மனைவி எழுந்தார். இணைப்பு அத்தோடு துண்டிக்கப்பட்டது. அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

வரையும் திட்டம் காதும் காதும் வைத்தமாதிரி கைவிடப்பட்டது. வரைபடம் ஃபிரிட்ஜிலிருந்து இறங்கியது. மாப்பிள்ளை இப்போது நீச்சலில் இருக்கிறார். அதில் மூளைக்கு வேறு ஏதோ நடக்கிறதாம். செயலாளரின் பெரிய பையன் லிஃப்டில் காதுக்காரரைக் கண்டால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்கிறான்.

காதுக்காரரின் மறதி அப்படியே இருக்கிறது. குடையை விட்டுவிட்டு வருகிறார். கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறார். "போன தடவை மாதிரியேதான் இருக்கீங்க. மோசமாகலையே, அதுவே நல்ல சேதிதான்" என்றார், மறதிக்குப் பார்த்த டாக்டர். மறந்துபோனதற்காக முன்போல் எரிந்து விழுவதில்லை என்று மனைவி கூடுதலாக ஒரு சேதி சொன்னார். டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

காலை வேளைகளில் காதுக்காரரும் பல் டாக்டரும் ரயில் நிலையத்துக்கு வரையப் போகிறார்கள். தூங்குகிற பயணிகள் அசையமாட்டார்கள், சண்டைக்கும் வரமாட்டார்கள். போன வாரம் பெஞ்சில் வாயைப் பிளந்து தூங்கிய ஒருவர் பாதியில் விழித்துக்கொண்டு, "யாரு இது?" என்று தாளை எட்டிப் பார்த்தார்.

"நீங்கதான்" என்றார் காதுக்காரர், அடி விழுமோ என்ற பயத்தோடு.

அந்த ஆள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்கப்பா மாதிரி இருக்கே!" என்றார். கேட்காமல் கொள்ளாமல் அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வந்து நின்ற ரயிலைப் பிடிக்க ஓடினார்.

"யோவ், மடிச்சுட்டான்யா!" என்று பதறினார் பல் டாக்டர்.

"போகட்டும் விடுங்க. மூக்கு சரியா வரல" என்று சொல்லிவிட்டு, காதுக்காரர் பென்சிலைச் சீவத் தொடங்கினார்.