மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் அப்பாவின் கடிதங்கள்

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வருவதற்குப் பல வருஷம் முன்பே அப்பாவுக்கு ஈமெயில் வந்துவிட்டது. காரணம் நான்தான். இருபத்தாறு வயதாகியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பேப்பரில் மணமகன் தேவை விளம்பரம் கொடுப்பதென்றால் ஈமெயில் முகவரி போட வேண்டும், இல்லாவிட்டால் படித்த பையன்கள் சீண்டக்கூட மாட்டார்கள் என்று கோயம்புத்தூர் சித்தி போனில் சொல்லிவிட்டார். நாங்கள் கேரளத்தில் குடியேறிய தமிழர்கள்; அப்பா மட்டாஞ்சேரி பஜாரில் ஓர் அரிசி குடோனில் சூப்பர்வைசர். மறுநாளே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, சுள்ளிக்கல் போகும் வழியில் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு முகவரி வாங்கிக்கொண்டு வந்தார். ரேஷன் கார்டு வாங்கி வந்ததுபோல அதைச் சாமி படத்துக்குக் கீழே வேறு வைத்தார்.

அந்த சென்டரை நடத்தியவர் ஒரு மலையாளி சேச்சி. நல்ல மனசு, பொறுமை கிடையாது. வயதானவர்கள் வந்தால் அவரே முகவரி தொடங்கிக் கொடுப்பார். மறந்துபோகக் கூடாதென்று எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு: அவருடைய கடையின் போன் நம்பர். அது வாசலில் போர்டிலேயே எழுதியிருந்தது. அதையும் அப்பா நாலு தடவை தப்பாக அடித்தார். ஐந்தாவது தடவை, பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளவா என்று பிரவுசர் கேட்டபோது, சேச்சி அப்பாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி 'ஆமாம்' என்பதை அமுக்கிவிட்டார். அன்றிலிருந்து மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அப்பாவின் முகவரியும் பாஸ்வேர்டுக்கான கறுப்புப் புள்ளிகளும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பா ஓர் அமுக்கு அமுக்கினால் போதும்.

இதனால் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். தன்னுடைய கடிதங்கள் மூன்றாம் நம்பருக்குள்தான் இருக்கின்றன, மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை. ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து எல்லாம் காலியாகக் கிடந்தாலும் மூன்றில் ஆள் இருந்தால் வெளியே போய் ஒரு சாயா குடித்துவிட்டு வந்து காத்திருப்பார். "என் பெட்டில ஆள் இருக்கு" என்பார். அவர் வேலை பார்க்கிற குடோனுக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு மிளகு வியாபாரியின் ஆபீசில் நான் கம்ப்யூட்டரில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். மாப்பிள்ளை தேடும் விஷயத்தைப் பெண்ணிடமே கேட்டுச் செய்வது கௌரவக் குறைச்சல் இல்லையா?

அவர் பெட்டியில் உட்காருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? வேண்டுமென்று செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். புள்ளிகள் நிரம்பியிருப்பதைப் பார்த்து, தங்களுடையதுதான் என்று நினைத்து அமுக்குவார்கள். அப்பாவின் கடிதங்கள் திறந்துகொள்ளும். திறந்தது திறந்தாகிவிட்டது, படித்துவிட்டே மூடலாம் என்று நினைப்பார்கள் போல. ஒரு நாள் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தெருமுனைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, எதிர்க்கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மோளே, திருச்சூர்காரன் வேண்டான்னு எழுதியிருக்கான். போட்டே. போட்டோல பாத்தேன், ஆளு அத்ர போரா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அப்போது அதற்கும் மேலே வந்தது. என்னை வேண்டாம் என்று ஒருவன் சொன்ன செய்தி எனக்குத் தெரிவதற்கு முன்னால் தையல்காரருக்குத் தெரிகிறது. போகட்டும், ஆள் அவ்வளவு நன்றாக இல்லை என்று அவர் எனக்கு ஆறுதல் வேறு சொல்கிறார். மத்தியானம் சாப்பாட்டைக்கூடப் பிரிக்காமல் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மூன்றாம் நம்பரில், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளின் பட்டியலைத் திறந்து, காட்டு என்று ஓர் அமுக்கு அமுக்கினேன். தெருவில் பாதிப்பேர் அதில் இருந்தார்கள். கடவுள் இல்லை என்று டீக்கடையில் வாதம் செய்கிற ஒருவர் தானே வைத்துக்கொண்ட பாஸ்வேர்டு, பக்கத்துக் கோயில் சாமியின் பெயர். சேச்சியிடம் அதைக் காட்டி, இப்படி எல்லோர் வீட்டுச் சாவியையும் கதவிலேயே தொங்கவிடலாமா என்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தேன். "இவிட யாரு கக்கப் போறா மோளே?" என்று அவர் கேட்டார். கக்குவதென்றால் அவர் பாஷையில் திருடுவது. திருட்டு மட்டும்தான் அவருக்குப் பயம். பட்டியல் முழுவதையும் நானே அழித்தேன். அப்பாவின் பாஸ்வேர்டை, எனக்கு மட்டும் தெரிந்த, எண்ணும் எழுத்தும் கலந்த ஒன்றாக மாற்றினேன். சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். என்ன சொல்வது என்று வரிசையாக யோசித்துக்கூட வைத்திருந்தேன்.

ஆனால் அப்பா முந்திக்கொண்டார். செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம், "இன்னைக்குச் சேலத்துலேர்ந்து ஒரு கடிதம் வந்திருக்கு. நம்ம பொண்ணோட படிப்பு அவங்களுக்கு நல்லா இஷ்டமாச்சு" என்றார்.

அந்தப் பெட்டியை இப்போது என்னால் மட்டும்தான் திறக்க முடியும். அன்று சாயங்காலம் அவர் மூன்றாம் நம்பருக்குப் போயிருக்கிறார், பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது, உள்ளே போக முடியவில்லை. அதை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு சேலத்தை உண்டாக்கிவிட்டார். இப்போது நான் உண்மையைச் சொன்னால் அவரைப் பொய்யர் என்று அம்மாவுக்கு எதிரில் சொன்னதாகிவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா விடுகிறவர் இல்லை. "வீட்டுல எத்தன பேரு? சொந்த வீடா, வாடகையா?" என்று கேட்டார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, சொந்த வீடு, கிணற்றில் நல்ல தண்ணீர், நாத்தனார் ஒருத்திதான், அவளும் கல்யாணமாகிப் போய்விட்டாள் என்றார். மறுநாள் ஒரு பேங்க்காரர் வந்தார். அதற்கு அடுத்த நாள் ஒரு ராணுவ அதிகாரி. யாருக்கும் என்னிடம் குறையே தெரியவில்லை. ஒருவருக்கு என் கோபம்கூடப் பிடித்திருந்ததாம். ரசம் பரிமாறிக்கொண்டே நான் கேட்பேன்: "ராணுவம்னா மீசை இருக்குமாப்பா?" அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அளவா இருக்கு" என்பார். ஒத்துக்கொள்கிறேன், எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

உண்மையான கடிதங்களை நான் ஆபீசில் இருந்தபடி படித்துக்கொண்டிருந்தேன். வயது கூடுதல் என்று ஒருவர், கேரளத் தமிழ் சரிப்படாது என்று ஒருவர். ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, பாலக்காட்டிலிருந்து ஒன்று வந்தது. பையனே எழுதியிருந்தார். அச்சகத்தில் வேலை, பெண் வேலையை விட வேண்டியதில்லை, தனக்குச் சமைக்கத் தெரியும், சாப்பிட்டவர்களின் அபிப்பிராயம் வேறாக இருக்கலாம் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வருகிறார்களாம், சம்மதமானால் அப்படியே எங்கள் வீட்டுக்கும் வருவார்களாம். மறுநாளுக்குள் அப்பா ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். நான் அதை மூன்று தடவை படித்தேன். இவர் வர வேண்டும் என்று எனக்குப் பட்டது. அதுவரை யாரைப் பற்றியும் எனக்கு அப்படிப் பட்டதில்லை.

அப்பாவின் பெயரில் நானே பதில் எழுதத் தொடங்கினேன். இரண்டு வரி அடித்ததும் கை ஓடவில்லை. பெட்டியைத்தான் பிடுங்கிக்கொண்டேன், அவர் பேச்சையும் பிடுங்கிக்கொள்வதா? அழித்துவிட்டு சென்டருக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் சேச்சி குரலைத் தாழ்த்தி, "மோளே, அப்பா தினம் வரும். அரை மணிக்கூர் மூணாம் நம்பர் முன்னால சும்மா இருக்கும். என்ன வேணும்னு கேட்டா எல்லாம் ஓகேன்னு சொல்லும். காசு குடுத்துட்டுப் போகும்" என்றார்.

அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து அவர் என்ன செய்திருப்பார்? சேலத்துக் கிணற்றையும் மீசையையும் யோசித்திருப்பார். எனக்கு வேடிக்கையெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

பாஸ்வேர்டைப் பழையபடி கடையின் போன் நம்பராக மாற்றினேன். நினைவில் வைத்துக்கொள்ளவா என்று பிரவுசர் கேட்டது. தெருவுக்கே பிரசங்கம் செய்த நான் 'ஆமாம்' என்று அமுக்கினேன். அப்பா வரும்வரை வேறு யாரையும் அங்கே உட்காரவிடாதீர்கள் என்று சேச்சியிடம் கெஞ்சினேன். அவர் காவலுக்குத் தானே உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தவர் பாலக்காட்டுக் கடிதத்தை முழுக்கப் படித்தும்விட்டார் என்பதை அப்புறம் அவரே பெருமையாகச் சொன்னார்.

சாயங்காலம் அப்பா வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். "ஞாயித்துக்கிழம பாலக்காட்டுலேர்ந்து ஆளு வராங்க" என்றார். "அப்போ ராணுவம்?" என்று அம்மா கேட்டார். "அது சரியாவல்ல" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆபீசில் அந்தப் பெட்டியைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாதுதான். அனுப்பிய கடிதங்களில் அப்பாவின் பதில் இருந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தேடி அடித்திருந்தார். கூட்டிப் படித்தேன்.

'தம்பிக்கு. தவறாமல் வரவும். இங்கே நடந்த ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நாலைந்து நாளாக என்னால் இந்தப் பெட்டியைத் திறக்க முடியவில்லை. வீட்டில் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வராத வரன்கள் வந்ததாகச் சொன்னேன். இன்று திறந்து பார்த்தால் எல்லாக் கடிதமும் ஏற்கெனவே படிக்கப்பட்டிருக்கிறது. படித்தது என் மகள்தான், இப்படிப் பூட்டவும் திறக்கவும் வேறு யாருக்கும் தெரியாது. நான் சொன்னது அத்தனையும் பொய் என்று தெரிந்தும் அவள் தன் அம்மாவுக்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபக்காரிதான். ஆனால் இப்படியும் உள்ளவள். இதற்கு மேல் அவளைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.'

அழுதேன். மீசையைப் பற்றிக் கேட்டதற்காக அழுதேன். நான் பேசாமல் இருந்தது பாதி பயத்தால், மீதி வேடிக்கை பார்க்க. அதை அவர் கருணை என்று எழுதி, முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்பியிருந்தார். அந்த முன்பின் தெரியாதவரைத்தான் பிற்பாடு கட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் குடோன் வாசலில் போய் நின்றேன். அப்பா வெளியே வந்ததும், "நான்தாம்பா மாத்தினேன்" என்றேன்.

"அறியாம்" என்றார், தெரியும் என்பதை மலையாளத்தில். "வா, போலாம்."

இரண்டு பேரும் சென்டருக்குப் போனோம். புதிய பாஸ்வேர்டு வைக்கிற பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு, எழுத்தும் எண்ணும் கலந்து வையுங்கள், பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள் என்று மட்டும் சொன்னேன். பிறகு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. முடிந்ததா என்று நான் கேட்கவில்லை.