மாமாவின் ஈயக்குண்டு

போன கிழமை பேத்தியை மன்னாருக்கு ஒரு டொக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். ஊசியைக் கண்டால் பிள்ளைக்கு மூச்சு முட்டும். வாயில் பாதி சூத்தைப் பல். ஊசி போடாமல் பிடுங்க முடியாது. அந்தப் பயம் போக ஹிப்னோதெரபி என்று, மனோவசியம் மாதிரி ஒரு வைத்தியம் இருக்கிறதாம். பெயரைச் சொல்லிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. எனக்கும்தான் பல் இல்லையே.

டொக்டரம்மா முதலில் கேள்விதான் கேட்டார். பிள்ளைக்கு எது விருப்பம், எது பயம், வீட்டில் ஏதும் நடந்ததா என்று மகளிடம் விசாரித்தார். பிறகு பேத்தியைப் பார்த்து, "கண்ணை மூடி எங்க போக விருப்பம்? நீங்களே சொல்லுங்கோ. பிடிக்கேல்லையெண்டா கையைத் தூக்குங்கோ, உடன நிப்பாட்டுவம்" என்றார்.

பேத்தி ஐஸ்கிரீம் கடைக்கு என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பழைய நினைவு ஒன்று வந்தது. என்னிடம் அன்று ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. மன்னாருக்குப் பக்கத்தில் பேசாலை என்ற மீன்பிடிக் கிராமத்தில் இருந்தோம். தை பிறந்ததும் என்னை மன்னாரில் கன்னியர் மடத்து விடுதியில் விட்டுப் படிப்பிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஒரே இடைஞ்சல், நான் இரவில் பாயை நனைப்பேன். அப்படியான பிள்ளையை மடத்தில் வைத்திருக்க மாட்டார்கள். அம்மா நேர்த்தி வைத்தாள், அப்பா அதட்டினார், பாய் காயவில்லை.

சித்தப்பா தொழிலுக்குப் போன வள்ளம் காற்றில் அகப்பட்டுத் திரும்பிவராமல் போன பிறகுதான் அது தொடங்கியது. இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் பெண்சாதி, எங்கள் சின்னம்மா, எங்களோடுதான் இருந்தாள். எந்நேரமும் சித்தப்பாவை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டுத் திரிந்தவள், அதன் பிறகு அழவில்லை, கதைக்கவில்லை. விறாந்தையில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்துவதே வேலை.

யேசு பாலன் பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கொழும்பில் புடவைக் கடையில் நின்றவர். அங்கே யாரோ ஒரு துரை கோழியை மனோவசியத்தால் உறங்க வைத்ததைப் பார்த்துவிட்டு, தானும் கற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"கோழிக்குச் சரிவந்தது, மருமேளுக்குச் சரிவராதோ?" என்றார்.

ஆட்டுவதற்கு அம்மாவின் செபமாலையைக் கேட்டார். "மாதாவை ஆட்டுறேல்ல" என்று அம்மா கையை மூடிக்கொண்டாள். கடைசியில் சின்னம்மாவின் வலையிலிருந்து ஒரு ஈயக்குண்டைக் கழற்றி நூலில் கட்டினார். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் விறாந்தையில் இருந்தார்கள். என்னைக் கை வைத்த கதிரையில் ஏற்றி இருத்தினார்கள்.

"குண்டைப் பார் பிள்ளை. கண் பாரமாகுது. நீ இப்ப கடற்கரையில நிக்கிறாய். நல்ல அமைதி. அலை காலை நனைக்குது. அப்பிடியே இறங்கு. இன்னும் ஆழத்துக்கு இறங்கு."

கொழும்பில் கடற்கரை என்றால் காற்று வாங்குகிற இடம். கடலைப் பார்த்துக்கொண்டு கடலை கொறிப்பார்கள். மாமாவுக்கு அதுதான் நினைப்பு. நான் சொல் கேட்கிற பிள்ளை. இறங்கினேன். தண்ணீருக்குள் இறங்கினால் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்பது பேசாலையில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பிடித்தேன். கீழே இருட்டு. இருட்டுக்குள் சித்தப்பாவின் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது.

மேலே நடந்தது பிறகு சொல்லக் கேட்டதுதான். என் உதடு நீலமாகிவிட்டதாம். பாயோடு நின்ற காரியம் கதிரைக்கும் வந்துவிட்டதாம். அம்மா குழறி அழுதாள். அப்பா மாமாவின் சட்டையைப் பிடித்தார்.

"எழுப்படா பிள்ளையை."

"அத்தான், கோழி தானா எழும்பினது."

உலுக்கினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். எனக்கு அதுவும் கடல் தண்ணீர்தான். இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அப்போதுதான் சின்னம்மா வலையை வைத்துவிட்டு எழும்பினாள். இருட்டில் வழி தவறிய வள்ளத்தைக் கரையில் நின்று கூப்பிடுகிற மாதிரி, குரலை நீட்டிக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. கரை இஞ்சால. இஞ்சால வாங்கோ."

அந்தக் குரல் வந்த பக்கம் ஏறினேன். ஏறி, மூச்சு விட்டு, கண்ணைத் திறந்து, "வந்திட்டன்" என்றேன். சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை. கடல் பக்கத்து வாசலைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அப்படியே நிலத்தில் குந்தியிருந்து, அதுவரை அழாததையெல்லாம் அழுதாள்.

இதை டொக்டரம்மாவிடம் சொன்னபோது அவருக்கும் முகம் மாறிவிட்டது. "ஒருத்தரும் அதுக்குள்ள மாட்டுப்படுறேல்ல, அம்மா. பயந்த பிள்ளை கண்ணைத் திறக்காது, அவ்வளவுதான். பிள்ளைக்கு என்ன நடந்ததெண்டு கேளாமல் ஒருத்தரும் இதைச் செய்யக்கூடாது" என்றார்.

மடத்துக்கு நான் போகவில்லை. என் படிப்பு அந்தக் கதிரையோடு காய்ந்துபோனது. ஆனால் அன்று எனக்குப் பெரிய புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். வீட்டில் கடைக்குட்டியான என்னை, வா போ என்று மட்டுமே எல்லோரும் கூப்பிடுகிற என்னை, ஒரு பெரிய மனிசி மரியாதை வைத்துக் கூப்பிட்டிருக்கிறாள். மறுநாள் முழுக்க வீட்டுக்குள் சொல்லித் திரிந்தேன்.

"சின்னம்மா என்னை வாங்கோ எண்டு கூப்பிட்டவ."

ஒருவரும் சிரிக்கவில்லை. இவ்வளவு நல்ல பகிடியை ஏன் வீணாக்குகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.