தாலிக் குண்டுக்கு அரக்கு வைக்கத் திருச்சிக்கு

ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாள் நான் காட்டிய புத்திசாலித்தனத்தால் அமைந்த பயணம் இது. மறுநாள் காவிரிக்கரையில் தாலிக்கயிறு மாற்ற வேண்டும் என்று என் மனைவி செல்வி, கயிற்றிலிருந்த இரண்டு தங்கக் குண்டுகளைக் கழற்றி வைத்திருந்தாள். பளபளவென்று ஆக்கிக் கொடுத்து அசத்தலாமே என்று அவற்றைப் பூந்திக்கொட்டை போட்டுக் கொதிக்கவைத்தேன். துளை வழியாகச் சிவப்பாகப் பிசின் வழிந்தது. இடுக்கியால் எடுத்தபோது ஒரு குண்டு முட்டை ஓடு மாதிரி நசுங்கிவிட்டது. உள்ளே வெறும் கூடு, நசுங்காமலிருக்க அரக்கு நிரப்புவார்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

செல்வி திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "கல்யாணத்தன்னைக்குக் கோத்ததுங்க. வேற வேண்டாம், இதையேதான் கட்டணும்" என்றாள்.

மறுநாள், எங்கள் ஊர் உப்பிலியபுரத்தில் காலை 6.10க்குப் பஸ். துறையூர் வழியாகச் சுமார் அறுபது கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு 45 ரூபாய். 8.05க்குச் சத்திரம் பேருந்து நிலையம். அங்கிருந்து பெரிய கடை வீதிக்கு இருபது நிமிட நடை. இரண்டு கடைகளில், "உருக்கிட்டுப் புதுசா வாங்கிக்குங்க" என்றார்கள். உச்சிக்குள் கயிறு மாற்றியாக வேண்டும். செல்வி குண்டுகள் இருந்த கைக்குட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

சந்துக்குள் ஒரு பத்தர் பட்டறை கிடைத்தது. குண்டைப் பார்த்ததுமே, "கொதிக்கிற தண்ணியில போட்டீங்களா?" என்று என்னைத்தான் கேட்டார். "பொம்பளைங்க போட மாட்டாங்க."

மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டு நசுங்கலை நிமிர்த்தினார். பிறகு அரக்கை விளக்கில் இளக்கி உள்ளே இறக்கினார். "மரத்துல பூச்சி கக்குற பிசின்ங்க இது. பார்சலுக்கு சீலு, பீரோவுக்குப் பாலிஷு, நீங்க முழுங்குற மாத்திரைக்கு வழவழப்பு, எல்லாத்துக்கும் ஆகும். சூடுதான் ஆகாது."

10.45க்கு வேலை முடிந்தது. கூலி 300 ரூபாய்.

"சின்னப் பள்ளம் ஒண்ணு நிக்குதும்மா. இத மட்டும் மாத்திடலாமா?"

"வேண்டாங்க. எனக்குன்னு ஆசையா செய்யப்போய்த்தானே ஆச்சு. இருக்கட்டும்" என்றாள் செல்வி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சத்திரத்திலிருந்து டவுன் பஸ். எனக்குப் பத்து ரூபாய், மகாராணிக்கு இலவசம். 11.35க்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம். கூட்டத்தில் படியில் இடம் பிடிக்கவே பத்து நிமிடமானது. குண்டுகளை அவள் கோத்தாள், முடிச்சு நான் போட்டேன்.

போகிறவர்கள் ஒன்பதுக்கே படித்துறைக்குப் போய்விடுங்கள், வெயில் தாங்காது. குண்டுகளைப் பச்சைத்தண்ணீரில் அலசித் துடைத்தால் போதும். மனைவியை அசத்த வேறு வழி பாருங்கள்.

திரும்பும் பஸ்ஸில், "பள்ளம் வெளியே தெரியுதா?" என்று கேட்டேன்.

"நெஞ்சைப் பாத்தாப்ல திருப்பி வச்சிருக்கேன். உறுத்துறப்பல்லாம் உங்க நெனப்பு வரும்ல" என்று சொல்லிவிட்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.