மூலம் என்று சொல்லிவைத்தோம்

என் தங்கை வெளிநாட்டில் டாக்டர். இதைச் சொல்லும்போது நானே ஒரு சுற்றுப் பெருத்துவிடுவேன், பொய் சொல்வானேன். ஆனால் அங்கே அவள் படுகிற பாடு போனை எடுக்கிற எனக்குத்தான் தெரியும். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். நாள் முழுக்க "பிரேக், பிரேக்" என்று கத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் இவள் போனில் அழுவாள்.

மருத்துவம் முடித்து, அந்த நாட்டு மொழியை விழுந்து விழுந்து படித்து, இரண்டு பரீட்சை எழுதி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தாள். சேர்ந்தவுடன் ஆறு மாதம் கண்காணிப்பு. அவள் செய்கிற ஒவ்வொன்றையும் யாராவது பார்த்துக் குறிப்பு எழுதுவார்கள். அது நல்லபடியாக முடிந்தால்தான் வேலை நிரந்தரம், லீவு எல்லாம். மருந்துச் சீட்டை மூன்று தடவை படித்துக் கையெழுத்துப் போடுவாள். போட்டபிறகு மறுபடி ஓடிப்போய்ப் படிப்பாள். கையைக் கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது.

"ஏண்டி, நோயாளியைப் பாக்குறியா, இல்ல கையைக் கழுவத்தான் சம்பளம் குடுக்குறாங்களா?" என்று கேட்டேன்.

"விளையாடாதக்கா. ஒரு தப்பு நடந்தா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

ஐந்தாவது மாதம் எங்கள் அப்பாவுக்கு மலத்தில் ரத்தம் போனது. அம்மா போனபிறகு அவர் என் வீட்டில்தான் இருக்கிறார். நாற்பது வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். உடம்புக்கு ஒன்று என்று படுத்து நான் பார்த்ததில்லை. டெஸ்ட் எடுத்தோம். ரிப்போர்ட்டைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"அக்கா, குடல்ல கட்டி. புற்றுநோய்தான். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாச்சு, ஆப்பரேஷன்ல எடுத்துடலாம். ஆனா அப்பாகிட்ட மூச்சு விடாத. மூலம்னு சொல்லிவை. நான் லீவுல வந்து பக்கத்துல உக்காந்து சொல்றேன்."

சொல்லிவைத்தேன். அடுத்த மாதம் இருபதாம் தேதி ஆப்பரேஷன், அதையும் அப்பாவிடம் சொல்லவில்லை. அதுவரை பொறுக்கலாம் என்று சர்ஜனும் சொல்லிவிட்டார். பதினைந்தாம் தேதி தங்கையின் ஆறு மாதம் முடிகிறது. பதினேழாம் தேதி வந்து இறங்கிவிடுவாள். எல்லாம் அந்த லீவை நம்பித்தான் இருந்தது.

அப்பா நம்பிவிட்டார், அதுதான் கொடுமை. நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் மெத்தை ஒன்றை வாங்கிவந்து அதன்மேல் பயபக்தியோடு உட்கார்ந்தார். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தார். "இப்ப கொஞ்சம் தேவலாம்மா, இல்ல?" என்று என்னிடமே கேட்பார். நான் ஆமாம் என்பேன். ஒரு நாள் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய், ஒழுங்காக வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காரணமில்லாமல் திட்டித் தீர்த்தேன். பாவம் அந்தப் பெண்.

மூன்று வாரம் இப்படிப் போனது. கண்காணிப்பு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது தங்கை சிக்கிக்கொண்டாள்.

அவளுடைய வார்டில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். விடாத இருமல். ஸ்கேனில் நுரையீரலில் கட்டி தெரிந்தது. இவள் என்ன செய்தாள்? நம் ஊரில் ஐந்து வருடம் கண்ணால் பார்த்துப் பழகியதைச் செய்தாள். அவருடைய மகளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, காபி மெஷின் ஓரமாக நிறுத்தி, விஷயத்தைச் சொன்னாள். "அப்பாகிட்ட இப்போ சொல்ல வேண்டாம், பக்குவமா சொல்லிக்கலாம்" என்று தோளைத் தட்டியும் கொடுத்தாள். அந்த மகள் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனாள். பெரியவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

அங்கே நோயாளியின் அனுமதி இல்லாமல் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லக்கூடாதாம். பெரியவர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை பெரிய டாக்டரின் அறையில் விசாரணை. பெரியவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்தார்கள்.

"என்ன கேட்டார் தெரியுமாக்கா?" என்று போனில் கேட்டாள். "'அரை மணி நேரம் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அவ்வளவு நேரமும் நான் பேப்பர்ல குறுக்கெழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். என்னை ஏன் அப்படி உக்கார வெச்ச?'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"நல்லதுன்னு நெனச்சேன்னு சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். வேற என்னத்தச் சொல்ல?"

வேலை போகவில்லை. கண்காணிப்பை இன்னும் மூன்று மாதம் நீட்டிவிட்டார்கள். லீவு கிடையாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த ஊர்ல மனுஷங்களே இல்லையா? பெத்த பொண்ணுகிட்ட சொன்னது ஒரு குத்தமா? அந்த ஆளுக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?" என்று பொரிந்து தள்ளினேன். நான் மூச்சு வாங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"அப்பா பக்கத்துல இருக்காராக்கா?"

"ஹால்ல இருக்கார். ஏன்?"

"போனைக் குடு."

"வேணாம்டி. தாங்கமாட்டார். அதுவும் போன்லயா? சொல்லிட்டு நீ வெச்சிடுவ, நான்ல பக்கத்துல இருக்கணும்."

"அவருக்கு அரை மணி நேரம்க்கா. நம்ம அப்பாவுக்கு மூணு வாரம். குடு."

கொடுத்தேன். அப்பா மெத்தையில் உட்கார்ந்தபடியே வாங்கினார். "சொல்லும்மா" என்றார். அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை மூடி, பக்கத்தில் வைத்தார்.

"நாப்பது வருஷத்துல," என்றார், "எந்த வயர் போச்சுன்னு வீட்டுக்காரங்ககிட்ட சொல்லாம நான் ஒரு சுவத்தைத் தொட்டதில்ல. இந்த உடம்பு என் வீடும்மா. என்கிட்ட சொல்ல உங்க ரெண்டு பேருக்கும் வாய் வரலையா?"

அந்தப் பக்கம் அவள் விம்மி விம்மி அழுவது எனக்கே கேட்டது.

"சரி, அழாத. உன்னால வர முடியாது, புரியுது. ஆப்பரேஷன் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட நீயே பேசு. பேசிட்டு, நல்லதோ கெட்டதோ, என்கிட்டதான் முதல்ல சொல்லணும். உங்க அக்காகிட்ட இல்ல."

போனை வைத்தார். எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்த ரப்பர் மெத்தையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இந்தா, உன் கார் சீட்டுல போட்டுக்க. எனக்குத்தான் மூலம் இல்லியே."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. அவர் என் தலையில் கை வைத்து, "ஆப்பரேஷன் எத்தனாந் தேதிம்மா?" என்று கேட்டார்.

"இருபது" என்றேன். மூன்று வாரத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அது.